உப்புப்புல் பாதை

“கிரெட்சன், கடல் எப்போ ஏறும்?”

மேவ் எனக்கு ஃபோன் செய்வதே கிடையாது. அவளுடைய அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு நான் அந்த வீட்டுக்குள் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போவாள். நேருக்கு நேர் கேட்க மாட்டாள். பதினைந்து வயது. அம்மா இறந்த பிறகு அப்பாவும் அவளுமாக இருந்த வீட்டில் நான் ஒரு வாடகைக்காரி மாதிரி.

அதனால் நவம்பர் மாதத்து அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் பெயரை ஃபோனில் பார்த்ததுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நான் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். மிஸஸ் ஹாட்ச் வாயைத் திறந்தபடி நாற்காலியில் கிடந்தார். அவரிடம் ஒரு விரலைக் காட்டிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

“எதுக்குக் கேக்கறே? எங்க இருக்கே நீ?”

“ஸ்கூல் வேலைதான். பெரிசா ஒண்ணும் இல்ல. அப்பாவுக்கு அடிச்சேன், போகல.”

“அப்பா நடுக்கடல்ல மீன் பிடிச்சிட்டு இருக்காரு, எப்படிப் போகும்? நீ எங்க இருக்கே, அதைச் சொல்லு.”

“புல் ரோட்டுல.”

“எந்த ரோடு?”

“ஆயிரத்து எழுநூத்தி முப்பத்தெட்டாம் வருஷத்து ரோடு. மேப்ல இருக்கு. நீங்க டைம் மட்டும் சொல்லுங்களேன்.” அவள் பேச்சுக்குப் பின்னால் காற்று உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் வேறு குரலில், சின்னப் பிள்ளைக் குரலில் சொன்னாள்: “இங்க தண்ணி வந்துட்டிருக்கு.”

லைன் அறுந்தது. திரும்ப அடித்தேன். போகவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தபால் ஆபீஸ் கொடி வடகிழக்குக் காற்றில் விறைத்து நின்றது. முந்தின நாள்தான் முழு நிலா. எங்கள் கரையில் இரண்டும் ஒன்றாக வந்தால் கடல் ஓடைகளோடு நிற்காது. மைல் கணக்கில் கிடக்கும் உப்புச் சதுப்பின் புல் முழுவதையும் மூடிக்கொண்டு சாலை வரைக்கும் வரும். நடுப்பகலில் முழு ஏற்றம். அப்போதே மணி பத்தைத் தாண்டியிருந்தது. நான் கடலே இல்லாத அயோவாவில் பிறந்தவள். ஆனாலும் மீனவன் வீட்டில் இரண்டு வருடம் இருந்தால் இந்தக் கணக்கு மனதில் ஏறிவிடும்.

அவசர எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் தெருப் பெயரைக் கேட்டாள்.

“தெரு இல்லைங்க. சதுப்புக்குள்ள. ஏதோ பழைய ரோடாம்.”

“எந்தப் பக்கத்துச் சதுப்பு, மேடம்?”

“தெரியல. எனக்குத் தெரியல.”

அவள் லைனைத் துறைமுகப் படகுக்கு மாற்றினாள். டோரீன் பெர்லி எடுத்தாள். துறைமுகத்துக்கு அவள்தான் அதிகாரி. என் கணவர் கோல்பியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

“கிரெட்சன், படகு கிளம்பிடுச்சு. ஆனா உள்ள ஒன்பது ஓடை இருக்கு. எந்த ஓடைன்னு மட்டும் சொல்லு, போதும். தப்பான ஓடைக்குள்ள போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள...” அவளுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் ஏறியது. “கண்டுபிடி. சீக்கிரம்.”

யாரைக் கேட்பது? மேவின் சிநேகிதிகள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஸ்கூல் வேலை என்றாளே என்று யோசித்தபோது, அவளுடைய சரித்திர வாத்தியார் ஆல்டன் குரோவல் எங்களிடம் பல் பார்த்துக்கொள்கிறவர் என்பது நினைவுக்கு வந்தது. முன்மேஜைக் கம்ப்யூட்டரில் அவர் நம்பரைத் தேடி எடுத்தேன். செய்யக்கூடாத காரியம். வரவேற்பில் இருந்த பெண் நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

“மிஸ்டர் குரோவல், நான் மேவோட...” என்ன சொல்வது என்று ஒரு நொடி நாக்குத் தடுமாறியது. “மேவ் வீட்டுலேர்ந்து பேசறேன். அவ சதுப்புக்குள்ள மாட்டிக்கிட்டா. ஏதோ ரோடு, மேப்புன்னு சொன்னா. என்ன வேலை கொடுத்தீங்க நீங்க?”

அவர் தோட்டத்தில் இலை வாரிக்கொண்டிருந்திருக்கிறார். வாரியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. வீட்டுக்குள் ஓடிக்கொண்டே சொன்னார். ஒரு கல்லூரிக்காரர்கள் நடத்தும் வெப்சைட். இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்தில் இந்தக் கரையில் குடியேறியவர்கள் விட்டுப்போன வரைபடம், உயில், கோர்ட்டு வாக்குமூலம், சர்ச்சுக் குறிப்பு எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பழைய வரைபடத்தை இன்றைய பூமியின் மேல் விரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய் நின்று, அந்த இடத்தைப் பற்றிப் பேசிப் பதிவு செய்துகொண்டு வரவேண்டும்.

“பாதிப் பசங்க பழைய சாராயக்கடை இருந்த இடத்தைத்தான் எடுத்தாங்க. இப்ப அது பீட்ஸா கடை. மத்தவங்க கல்லறைத் தோட்டம். சதுப்புக்குள்ள யாராவது போவாங்கன்னு நான்... இருங்க, திறக்குது. நீங்களும் திறங்க.”

திறந்தேன். கையில் இன்னும் ரப்பர் உறை இருந்தது, கீபோர்டில் வழுக்கியது. ‘ரோடு’ என்று போட்டால் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தது. வரைபடம் பழுப்புக் காகிதம், மங்கின மசி. சதுப்பு என்ற இடத்தில் கோடுகளாக இருந்தன. எல்லை எது, ஓடை எது, ரோடு எது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாக் கோடும் ஒரே மாதிரிதான் இருந்தது. அதில் ஏதோ ஒன்றின் மேல் ஒரு பெண் தண்ணீரில் நிற்கிறாள். பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். ஏதோ ஒரு பாதிரியின் கையெழுத்து வந்து திரையை அடைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“கிடைச்சிடுச்சு,” என்றார் குரோவல். “வெப்சைட்ல எங்க வகுப்புக்குன்னு இருக்கற பக்கத்துல மேவ் குறி போட்டு வெச்சிருக்கா. வான்கோழிப் பண்ணைக்குப் பின்னாடி பழைய துறை இருக்கில்ல, அங்கேர்ந்து ஒரு கோடு உள்ள போகுது. வழி நெடுக சின்னச் சின்ன வட்டம். உப்புப்புல்லை வெட்டிப் போர் அடுக்கின இடங்க. நாலாவது வட்டத்துல குறி வெச்சிருக்கா.”

“ரோடுதானே? மேடா இருக்கும்ல? அதுமேலயே நடந்து திரும்பிடலாம்ல?”

அவர் எதையோ முணுமுணுத்துப் படிப்பது கேட்டது.

“மிஸ்டர் குரோவல்?”

“இதோட ஒரு வாக்குமூலம் சேர்த்திருக்காங்க,” என்றார். “புல்லுக்காக ரெண்டு பேர் போட்ட வழக்கு. அதுல ஒருத்தன் சொல்றான்... ஜனவரி மாசம், ஐஸ் மாட்டைத் தாங்கற அளவுக்கு இறுகினப்புறம் அந்த வழியா வண்டி ஓட்டிக்கிட்டுப் போனேன்னு.”

“அப்படின்னா?”

“அது ரோடே இல்லைங்க. சதுப்பு உறைஞ்சதும் மேல சறுக்குவண்டி ஓட்டின தடம். மத்த நாள்ல அங்க காலுக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது. வெறும் சேறு.”

டோரீனைக் கூப்பிட்டு அந்த இடத்தைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கத்திவிட்டு ஓடினேன். மிஸஸ் ஹாட்ச் வாயில் பஞ்சோடு வாசல்வரை வந்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

கோல்பியின் பிக்கப் வண்டியைத்தான் அன்று எடுத்து வந்திருந்தேன். பண்ணையைத் தாண்டிப் பழைய துறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மேவின் சைக்கிள் வேலியில் சாய்ந்திருந்தது. எதிரே புல்வெளி, மஞ்சளும் பழுப்புமாக, ஈரத்தலை மாதிரி படிந்து கிடந்தது. அதற்கு மேல் மழைத்தூறலும் பனிமூட்டமும். கல்லெறி தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. புல்லுக்கு நடுவில் அங்கங்கே தண்ணீர் பளபளத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பளபளப்பு ஒன்றாகச் சேர்ந்தது.

அவசர எண்ணை மறுபடி கூப்பிட்டேன். அதே பெண்தான் எடுத்தாள். “கரையிலேயே நில்லுங்க மேடம். உள்ள இறங்காதீங்க. இறங்கினா நாங்க ரெண்டு பேரைத் தேடணும்.”

சரி என்றேன். நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. குளத்தில்கூட இடுப்புக்கு மேல் போனதில்லை. இவளைப் பெற்றவளாக இருந்தால் இப்படி நிற்பாளா என்று தோன்றியது. அந்தக் கேள்வி தண்ணீரைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பறவையா, மனுஷியா என்று தெரியாத சத்தம். இரண்டாவது முறை கேட்டபோது தெரிந்தது.

வண்டியின் பின்னால் மீன் பெட்டிகளின் பிளாஸ்டிக் மூடிகள் கிடந்தன. இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒரு கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டினேன். ஃபோனில் அந்த வெப்சைட்டைத் திறந்தேன். பழைய வரைபடத்தின் மேல் நீலப் புள்ளியாக நான் நின்றேன். எனக்கு முன்னால் கோடு. இறங்கினேன்.

கொஞ்ச தூரம் புல் தாங்கியது. அமுங்கி அமுங்கி எழும்பியது. பிறகு புல் இருக்கிறது என்று நம்பி வைத்த காலுக்குக் கீழே எதுவும் இல்லை. மூடிப்போன ஓடை. மார்புவரை உள்ளே போனேன். அந்தக் குளிரில் மூச்சு வெளியே வரவில்லை. வாயைத் திறந்தபடி கிடந்தேன். கையில் இருந்த மூடிகள்தான் கரையில் குறுக்காக விழுந்து என்னைப் பிடித்தன. எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஏறியதும் திரும்பிப் போய்விடத்தான் நினைத்தேன், சத்தியமாக. திரும்பிப் பார்த்தால் கரை தெரியவில்லை. மூட்டம் மூடிவிட்டது. அதனால் ஃபோனைப் பார்த்து முன்னால் போனேன். தைரியம் என்று ஊரில் சொன்னார்கள். போக வேறு திசை இல்லை என்பதுதான் உண்மை.

ஆரஞ்சு நிறக் குல்லாய்தான் முதலில் தெரிந்தது. மேவ் ஓர் ஓடையின் ஓரத்தில் தொடைவரை சேற்றில் புதைந்து நின்றாள். தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது. இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வராதே!” என்று கத்தினாள். “அங்க குழி இருக்கு! நிக்காதே, படு! குப்புறப் படு, லூசு!”

படுத்தேன். மூடியை முன்னால் தள்ளி, அதன்மேல் நெஞ்சை வைத்து, பின்னாலிருக்கும் மூடியை இழுத்து மறுபடி முன்னால் போட்டு, தவழ்ந்து போனேன். அவள் முகம் மெழுகு மாதிரி இருந்தது. உதடு ஊதா.

“கால் வரமாட்டேங்குது. இழுக்க இழுக்க உள்ள போகுது.”

“பூட்ஸை விட்டுடு. காலை மட்டும் உருவு.”

“அப்பா கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது.”

“மேவ்!”

கயிற்றை அவள் கைகளுக்கு அடியில் சுற்றினேன். இழுத்தேன். சேறு அவளை விடமாட்டேன் என்றது. தண்ணீர் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டே வந்தது. என் தாடையைத் தொட்டது. இந்தக் கயிற்றை விட்டுவிட்டு நான் போகவேண்டி வருமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பில் எனக்கு வெறி பிடித்தது. எதையோ கத்திக்கொண்டு இழுத்தேன். ஒரு கால் வந்தது. பிறகு அடுத்தது. வெறும் சாக்ஸோடு அவள் என் மேல் வந்து விழுந்தாள்.

வந்த வழியில் புல்லே இல்லை. எங்கும் சாம்பல் நிறத் தண்ணீர்.

ஃபோன் எப்படியோ உயிரோடு இருந்தது. சிக்னல் இல்லை, திறந்து வைத்த வரைபடம் மட்டும் நின்றது. நீலப் புள்ளி நாலாவது வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

“கட்டைங்க,” என்றாள் மேவ். பல் கிட்டிக்கொண்டது. “புல்போர் நனையாம இருக்க அடியில கட்டை நடுவாங்க. அது இன்னும் இருக்கு. அதைப் பாக்கத்தான் வந்தேன். ஃபோட்டோகூட எடுத்தேன்.”

இருந்தன. மூட்டத்துக்குள் கரிய மரக் கட்டைகள், வட்டமாக, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரம். தவழ்ந்தும் தத்தளித்தும் உருண்டும் அங்கே போனோம். ஆளுக்கு இரண்டு கட்டைமேல் கால் வைத்து, ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு நின்றோம். கட்டை பாசி பிடித்து வழுக்கியது. சீக்கிரமே அதுவும் தண்ணீருக்குள் போனது. கணுக்கால். அப்புறம் முழங்கால்.

இன்ஜின் சத்தம் கேட்டது. இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம். சத்தம் நெருங்கியது. பிறகு இடதுபக்கமாகத் திரும்பி, மெல்ல மெல்லத் தேய்ந்து, இல்லாமல் போனது.

மேவின் நடுக்கம் நின்றது. முதலில் நல்லது என்று நினைத்தேன். அவள் தலை என் தோளில் கனத்தபோதுதான் அது நல்லதில்லை என்று புரிந்தது.

“பேசு. மேவ், ஏதாவது பேசு.”

“என்ன பேச?”

“அந்த வழக்கு. புல்லுக்குச் சண்டை போட்டாங்களே. என்ன படிச்சே, சொல்லு.”

“சைலஸ்னு ஒருத்தன்...” நாக்கு குழறியது. “பக்கத்து வீட்டுக்காரன் தன் புல்லைத் திருடிட்டான்னு கேஸ். அவன் மாட்டு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அது என் புல்லைத் தின்ன மூஞ்சின்னு... கோர்ட்டுல சொல்றான்.”

“அப்புறம்? யார் ஜெயிச்சா?”

“தெரியல. அடுத்த பக்கம்... திறக்கல.”

“திறக்கலைன்னா என்ன, நீயே சொல்லு. கண்ணை மூடாதே. யார் ஜெயிச்சா?”

“மாடு,” என்றாள். கண் மூடியது.

அதற்குப் பிறகு நான் அவளைக் கிள்ளினேன். கன்னத்தில் அறைந்தேன். தூங்கினால் கொன்றுவிடுவேன் என்றேன். அவள் எடை முழுவதும் என் கையில் இருந்தது, என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்ன அலை வந்தாலும் இருவரும் போய்விடுவோம் என்று தெரிந்தது. ஒவ்வோர் அலையாக வந்தது. ஒன்றிலும் போகவில்லை.

இன்ஜின் மறுபடி கேட்டபோது எனக்குக் கத்தக் குரல் இல்லை. மேவின் ஆரஞ்சுக் குல்லாயைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஆட்டினேன்.

“அதோ! அதோ!” டோரீனின் குரல். மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு படகின் மூக்கு வந்தது. அவளும் இன்னொருவனும் முதலில் மேவைத் தூக்கினார்கள், பிறகு என்னை. என் விரல்களை மேவின் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

“அந்த வாத்தியார் என் காதைத் தின்னுட்டாரு,” என்று டோரீன் மேவுக்குப் போர்வை சுற்றிக்கொண்டே பேசினாள். “நாலாவது வட்டம், நாலாவது வட்டம்னு. வட்டத்தைக் கண்டேனா சதுரத்தைக் கண்டேனா? ஒரு ஓடை தப்பாப் போயிட்டேன். அப்புறம்தான் அந்த ஆளு அட்சரேகை தீர்க்கரேகைன்னு எண்ணைப் படிச்சாரு. அதை முதல்லயே படிச்சா என்னவாம்! ஏய் மேவ், கண்ணைத் திற. உங்கப்பன் எனக்கு இன்னும் ஒரு பீர் பாக்கி வெச்சிருக்கான், அவன்கிட்ட நான் என்ன சொல்றது? திற!”

ஆஸ்பத்திரியில் மேவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். என்னை ஒரு போர்வைக்குள் உட்கார வைத்தார்கள். ‘நீங்கள் அவளுக்கு யார்?’ என்று நர்ஸ் கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள். வெந்நீர்ப் பைகள் வைத்து, சூடாக்கிய குளுக்கோஸ் ஏற்றி, அவள் மறுபடி நடுங்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் வெளியே வந்து, இனிப் பயமில்லை என்றார். அவர் சொன்னதை நான் நம்பவில்லை. மறுநாள்தான் நம்பினேன்.

குரோவல் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். தோட்டத்துச் செருப்பு, அதில் ஒட்டின இலை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“வேலை கொடுக்கறதுக்கு முன்னாடி அதை நான் படிச்சிருக்கணும்,” என்றார்.

“ஆமா, படிச்சிருக்கணும்,” என்றேன். ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார். சாயங்காலம் வரைக்கும் நின்றார். டோரீனுக்கு அந்த எண்களைப் படித்துக் கொடுத்ததற்கு அவருக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பள்ளிக்கூடக் கூட்டத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிச் சிலர் சத்தம் போட்டார்களாம். அனுப்பவில்லை. இப்போது அவர் பிள்ளைகளை வெளியே அனுப்பும் முன் ஒவ்வோர் இடத்துக்கும் தானே போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார். பீட்ஸா கடைக்குக்கூட.

மேவ் அந்தக் கல்லூரிக்கு எழுதினாள். அவர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘உறைபனியில் மட்டும் பயன்பட்ட தடம், இதில் நடக்கக் கூடாது’ என்று சிவப்பில் போட்டார்கள். திருத்தம் சொன்னவர் என்று கீழே அவள் பெயரையும் போட்டார்கள், ஓர் எழுத்துப் பிழையோடு. அந்தப் பிழைக்காக அவள் பட்ட கோபத்தைப் பார்த்துத்தான் உடம்பு தேறிவிட்டது என்று எனக்கு நிச்சயமாயிற்று.

கோல்பி திங்கட்கிழமை கரைக்கு வந்தார். ரேடியோவில் பாதிதான் சொல்லியிருந்தார்கள். மீன் நாற்றத்தோடு சமையலறையில் நின்று முழுவதையும் கேட்டார். உன் பொறுப்பில்தானே விட்டுவிட்டுப் போனேன் என்று கேட்கப்போகிறார் என்று பயந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நீ உள்ள இறங்கினியா?” என்றார். “நீச்சல் தெரியாம?”

“ம்.”

அவர் வெளியே போனார். ரொம்ப நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங்கில் தலையை வைத்திருந்தார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் அழுது முடிக்கும் வரை அவர் முதுகில் கை வைத்திருந்தேன்.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. நிலா முழுதாகும் நாட்களில், காற்று வடகிழக்கிலிருந்து அடித்தால், வேலைக்குக் கிளம்பியவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து மாடிப்படிக்குக் கீழே நிற்கிறேன். கூப்பிடுவதில்லை. சும்மா நிற்பேன். என் காலடியில் மரத்தரை கிரீச்சிடுவது அவளுக்குக் கேட்டுவிடும் போலிருக்கிறது.

“இங்கதான் இருக்கேன்,” என்று மேலேயிருந்து குரல் வரும், தூக்கக் கலக்கத்தோடும் எரிச்சலோடும். “எங்கயும் போகல. நீ வேலைக்குக் கிளம்பு.”